கோகிலவாணியின் முறை எப்போது?

அநியாயம் நடந்தது கோகிலவாணிக்கு. செய்தவன் அவள் புருஷன் சுரேந்திரன். ஜெகதளாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி தட்டில் விழுந்த கையோடு வீட்டுக்குச் சட்டம் போட்டான்: ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

“ஹாஃப் டூப்ளெக்ஸ்னு இதுக்குப் பேரு. நான் பேசினா நீ கேக்கோணும். நான் முடிச்சப்புறம் நீ பேசு. ஒண்ணா பேசினா மோதிக்கும்.”

“ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசற லைன் கெடையாதுங்களா?”

“அது ஃபுல் டூப்ளெக்ஸ். நம்ம ஊட்டுக்கு ஒத்துவராது.”

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுப்பது அவன் வேலை. கேபிளுக்குப் போடும் சட்டத்தைக் கட்டியவளுக்கும் போடலாமா? கேட்கிறேன், இது எந்த ஊர் நியாயம்?

அதுவும், அவள் குறுக்கே பேசுகிறாள் என்பதா காரணம்? இல்லவே இல்லை. கம்பெனியின் சேரம்பாடி கிளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா என்று மேனேஜர் ராமகிருஷ்ணன் கேட்டிருந்தார். சுரேந்திரனுக்குப் போக ஆசை. அவளை விட்டுப் போகவும் மனசில்லை. அவள் “போகாதீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கால் நகராது. அந்த வார்த்தை வராமலிருக்கத்தான் இத்தனை ஏற்பாடு!

ஆகவே பேசினான். சேரம்பாடி மழை, அட்டைப்பூச்சி, யானை, தான் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வரப்போகும் அழகு. மூச்சு வாங்க நிறுத்துவான். வாணி வாயைத் திறப்பாள். “இன்னும் முடியல கண்ணு.”

வாணி சட்னி ஊற்றினாள். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் பேசிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. கையில் சட்னி, ஸ்பீக்கரில் போட்டான். மேனேஜர்தான்.

“சுரேந்திரன், நேத்து நீங்க பாத்துட்டு வந்த ஃபேக்டரி லைன் நத்தையா ஊருது. லைட்டு மட்டும் பச்சையா எரியுது.”

சுரேந்திரன் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். “கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸ்னு நானா வெச்சுட்டேன் சார். அது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கும். லைன் பிரிக்கற சுவிட்ச் பெட்டிப் பக்கம் ஹாஃப்ல நின்னிருக்கும். பாவம், கம்ப்யூட்டர் எப்ப நிறுத்தும்னு காத்துட்டே கெடக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் சார் ஓடும்.”

“அப்ப தப்பு எந்தப் பக்கம்?”

“எதிர்ப்பக்கத்தைக் கேக்காம தானா முடிவு பண்ணுன பக்கம் சார்.”

சொன்ன பிறகுதான் வாணியைப் பார்த்தான். அவள் நிதானமாக அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

“சரி, சேரம்பாடி என்னாச்சு?”

“ஊட்டுல... கேட்டுட்டுச் சொல்றேன் சார்.”

போனை வைத்தான். குரல் தரையில் கிடந்தது. “உன் முறை, வாணி. போகாதீங்கன்னு சொல்லப்போற. சொல்லிரு.”

“அதை யாரு சொன்னா? நானும் வர்றேன்னு சொல்லத்தானுங்க காத்தாலருந்து வாயத் தொறக்கறேன். நீங்க ஒருத்தரா அங்க உக்காந்து என்னத்தத் திம்பீங்க? ரோஸ்மேரி அக்கா தங்கச்சி சேரம்பாடிலதான் இருக்குது. அது ஊட்டுக்குப் பக்கத்துலயே நமக்கு ஊடு பேசியாச்சு. வர்ற வெள்ளிக்கெழம பால் காய்ச்சறோம்.”

சுரேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, தான் குடும்பத் தலைவன் என்ற ஞாபகமும் வந்து தொலைத்தது.

“ஊட்டையே பேசி முடிச்சிருக்கற. என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலையா?”

“கேக்கத்தானுங்க வந்தேன். நீங்க பேசிட்டிருந்தீங்க.”