தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

தனியாக இருக்கும் ஆணைக் கடைக்கு அனுப்பக் கூடாது. பசியோடு போகிறவன் தேவையில்லாததை வாங்குவான். பேச்சுத்துணைக்கு ஏங்கிப் போகிறவன் துப்பாக்கியே வாங்கி வருவான். நான் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சஸ் மாநிலம் சுகர் லேண்டில் இருந்தேன். கல்யாணமான மூன்றே வாரத்தில் மலர்விழியைப் பொள்ளாச்சியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன். எச்-ஒன் வேலை விசாவில் வந்தவனெல்லாம் பெண்டாட்டியைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். கிரீன் கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் செய்துகொண்ட அதிபுத்திசாலிகள் மட்டும் மனைவியின் விசாவுக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். (கிரீன் கார்டு மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை வேறு.) வாரநாட்களில் அலுவலகம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் யாரும் இல்லை. வெள்ளி மாலைக்குப் பிறகு திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு.

அப்படி ஒரு சனிக்கிழமை, பழைய டி.வி. ஒன்று பார்க்கலாமென்று அடகுக் கடைக்குப் போனேன். நம் ஊர் அடகுக் கடைக்குத் தாலிக்கொடி வரும். அந்த ஊர்க் கடைக்குத் துப்பாக்கியும் வரும். கடைக்காரர் பெரியவர். என் அப்பாவைவிட வயதான ஒரு பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கியை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். எந்த ஊர், என்ன வேலை, மனைவி எங்கே என்றெல்லாம் விசாரித்தார். அந்த வாரம் முழுக்க என்னிடம் அவ்வளவு பேசியவர் வேறு யாரும் இல்லை. எனக்கு டி.வி. தான் வேண்டும் என்று சொல்லி அந்தப் பேச்சை நிறுத்த மனம் வரவில்லை.

"எண்ணெய் மட்டும் அப்பப்போ போட்டுடு. காலத்துக்கும் உழைக்கும்" என்று சொல்லி அனுப்பினார். என்ன எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, பக்கத்து இருக்கை ஹேங்கிடம் இதைச் சொன்னேன். வானிலையைத் தவிர வேறெதுவும் பேசியறியாத மனிதர், நாற்காலியையே என் பக்கம் திருப்பிவிட்டார்.

"சுடத் தெரியுமா?"

"காலேஜ்ல என்.சி.சி.ல சுட்டிருக்கேன். நல்லாவே சுடுவேன்." (மொத்தம் ஐந்து தோட்டா. ஐந்தும் எங்கே போயின என்று ஹவில்தாருக்கே தெரியவில்லை.)

"சனிக்கிழமை காலைல நாங்க நாலு பேர் சுட்டுப் பழக ரேஞ்சுக்குப் போவோம். முடிச்சுட்டு ஒண்ணா பிரேக்ஃபாஸ்ட். வர்றியா?"

‘ஒண்ணா’ என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. குறி பார்த்துச் சுடுவதில் எனக்கு என்ன ஆசை? அந்தச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். ஒரு தடவை சொதப்பாமல் சுட்டுவிட்டால் வாராவாரம் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன்.

வெள்ளி மாலை எண்ணெய் போட உட்கார்ந்தேன். வீட்டில் இருந்ததில் உயர்ந்த எண்ணெய், மலர்விழி கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சி அனுப்பிய தேங்காய் எண்ணெய். இண்டு இடுக்கெல்லாம் தாராளமாக விட்டேன். மறந்துவிடக் கூடாதென்று அப்போதே காரின் டிக்கியில் வைத்தேன். அன்று பார்த்து வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கியது. குளிர்காலத்தில் வாராவாரம் எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்குகிறவன் நான். அந்த அறிவு என் தலைமுடியோடு நின்றுவிட்டது.

ரேஞ்சில் எல்லோரும் காதை மூடும் கவசம் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். ஹேங்க் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சை நிமிர்த்தி விசையை இழுத்தேன். டிக். அவ்வளவுதான். தோட்டாவை மாற்றினேன். மறுபடி டிக். இந்த வகைத் தோட்டாவின் விளிம்பில் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும். என் ஊசி கொழுப்புக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டுத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. நடுவில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு.

"என்ன இது?"

"ஹேர் ஆயில்" என்றேன், மெதுவாக.

"என்ன?" காதில் கவசம், கேட்கவில்லை.

மூன்றாம் முறை கத்தினேன். அந்த நேரம் பார்த்து எல்லோரும் சுடுவதை நிறுத்தியிருந்தார்கள். அமைதியில் என் ‘ஹேர் ஆயில்’ மைதானத்தின் மறுகோடி வரை போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா சிரிக்காமல் துடைத்து, தன் அறை ஹீட்டர் பக்கம் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொடுத்தார். இந்த முறை வெடித்தது. குண்டு என் குறியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஹேங்கின் குறிக்காகிதத்தில் போய் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. புகையோடு, சூடான எண்ணெய் வாசனை கிளம்பியது. உறவினர் நிறைந்த வீட்டில் நாங்கள் கழித்த மூன்று வாரத்தில் மலர்விழியைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பி போட்ட அத்தனை ஆண்களுக்கு நடுவில் அழுதேன்.

"எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சா?" என்றார் ஹேங்க்.

"ஆமா." (கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை.)

வேலையிருக்கிறது என்று பொய் சொல்லி, பிரேக்ஃபாஸ்டுக்கு நிற்காமல் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து தயிர்சாதத்தை நின்றபடி சாப்பிட்டேன். திங்கட்கிழமை ஹேங்க் பழையபடி வானிலை பேசினார். துப்பாக்கியை அடகுக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தபோது, பெரியவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலையே பொள்ளாச்சிக்குப் போன் செய்திருந்தேன். எப்போதும் "விசா ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்பாள், "இன்னும் இல்லை" என்பேன், பிறகு இருவரும் சும்மா இருப்போம். அன்று வேறு வழியில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன், அழுததையும் சேர்த்து.

"ஏனுங்க."

"ம்."

"அந்தத் துப்பாக்கிக்கு முடி வளந்துச்சுங்களா?"

பிறகு சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விக்கல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

ஒருவழியாக விசா கிடைத்து அவள் வந்து இறங்கினாள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே பெரிய எண்ணெய்ப் பாட்டில் ஒன்று. அதில் காகிதம் ஒட்டி, என் மாமனார் தன் கைப்பட எழுதியிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு மச்சான் எழுதுகிறார். இன்றுவரை ஒரு பாட்டில்கூட அந்த வாசகம் இல்லாமல் பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பியதில்லை: ‘தலைக்கு மட்டும். மாப்பிள்ளை கவனிக்கவும்.’