அபிக்குக் கடல் பார்க்கப் போன விவரம்

காஞ்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை, சவாரி குறைந்த மத்தியான வேளை.

ஆண்டவர் கிருபையால் அலைக்கும் அடிக்கும் தப்பி நலமாயிருக்கும் என் அருமை மகள் செல்வி தா. அபிகாயில், பி.எஸ்சி., அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பில் பாதி வரை படித்து, ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் உன் தகப்பன் தாவீது எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். ஆட்டோவும் நலம், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் இருமுகிறது. அங்கு உன் நலத்தையும், போன மாதம் சிராய்த்துக்கொண்ட முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "ஷார்ட்டா சொல்லுப்பா" என்று சொல்லுவாய். இது ஷார்ட்டா சொல்ற விஷயமில்ல கண்ணு.

நீ மங்களூர் பக்கத்துல அலைச்சறுக்குப் பயிற்சி முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டே. சந்தோஷம். கத்துக்குடுக்கற வேலைக்கு மூணு ஊர்ல கூப்பிடறாங்க, கோவளம், மகாபலிபுரம், திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு. அதுவும் சந்தோஷம். "எந்த ஊர்ல போய் இருக்கலாம்னு நீயே பாத்து சொல்லுப்பா, நீ வேணாம்னு சொல்ற ஊருக்கு நான் போகமாட்டேன், இருபதாந் தேதிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்"னு சொல்லிட்டு போனை வெச்சிட்டே பாரு, அங்கதான் நான் மாட்டிக்கினேன். எனக்கு முடிவு பண்ணிப் பழக்கம் ஏது? வீட்ல உங்கம்மா முடிவு பண்ணுவாங்க. ரோட்டுல டிராபிக் போலீஸ் முடிவு பண்ணுவாரு. நான் நடுவுல வண்டி ஓட்டிக்கினு இருக்கறவன். கடலைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அது உப்பா இருக்கும், ஓரத்துல சுண்டல் விப்பாங்க, அவ்ளோதான்.

அதனால என் சிநேகிதன், உன் கைலாசம் மாமாகிட்ட போனேன். அவரு பட்டு நெய்யறவரா இருந்தாலும் அவரு தெருவுல பாதிப் பொண்ணுங்க அவரு போய் மாப்பிள்ளை வீடு பார்த்து "சரி"ன்னு சொன்ன எடத்துலதான் வாழ்க்கைப்பட்டிருக்காங்க. தறியை நிறுத்திட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாரு. "இதுல இன்னாபா குழப்பம்? பொண்ணு ஒரு எடத்துக்குப் போய் இருக்கப்போவுது. அது மாப்பிள்ளை வீடா இருந்தா இன்னா, கடலா இருந்தா இன்னா? மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? நேர்ல போவணும், அக்கம்பக்கத்துல விசாரிக்கணும், வெறுங்கையோட போவக்கூடாது"ன்னாரு. அவரு சொன்ன மாதிரியே எவர்சில்வர் தட்டுல வெத்தலை, பாக்கு, தேங்கா, ஒரு சீப்பு பழம், ரெண்டு முழம் கதம்பம் எல்லாம் வெச்சு, வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கினு, ரெண்டு பேரும் நம்ம ஆட்டோவுலயே கிளம்பினோம். கிளம்பினது ஒம்போது மணிக்கு. ஆனா பாரு, ரோட்டுல யாராவது கையைத் தூக்கினா என் கால் தானா பிரேக்கை மிதிக்குது. செங்கல்பட்டு போறதுக்குள்ள பத்து பேரை ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரு அம்மா தட்டைப் பார்த்துட்டு, "எங்க, நிச்சயதார்த்தமா?"ன்னு கேட்டாங்க. மாமா, "ஆமாமா, மாப்பிள்ளை கடல்"னாரு. அந்தம்மா அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டாங்க.

முதல்ல கோவளம். நல்ல ஊருதான், நான் கொறை சொல்லலை. ஆனா ஒரு அலைக்குப் பதினாறு பேரு காத்துக்கினு இருக்காங்க. ஒரு அலையில ஒருத்தர்தான் ஏறணுமாம், அலை மடிஞ்சு உடையற எடத்துக்குக் கிட்ட யாரு இருக்காங்களோ அவங்களுக்குத்தான் உரிமையாம், ஒரு பையன் விளக்கமா சொன்னான். சட்டம் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஐயம்பேட்டை ஸ்டாண்டுல கூட, எவன் வண்டி முன்னால நிக்குதோ அவனுக்குத்தான் சவாரின்னு சட்டம் இருக்குது. தினம் ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சிக்கறதும் இருக்குது. நான் படற பாட்டை நீ தண்ணிக்குள்ள போய் படணுமா? கோவளத்தை லிஸ்ட்டுல இருந்து அங்கயே அடிச்சிட்டேன்.

அடுத்து மகாபலிபுரம். இங்கதான் கொஞ்சம் தப்பு நடந்துபோச்சு. உன்னைக் கூப்பிட்ட எடத்துல வசந்த்னு ஒரு தம்பி இருந்தான். அரை டவுசரு, குடுமி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பலகைக்கு மெழுகு தேச்சிக்கினு இருந்தான். நாங்க தட்டோட போய் எதிர்ல நின்னோம். நான் பேசறதுக்குள்ள மாமா பழக்க தோஷத்துல ஆரம்பிச்சிட்டாரு. "தம்பிக்கு சொந்த ஊரே இதானா? அப்பா அம்மா கூட இருக்காங்களா? குடி கிடி உண்டா? கோச்சிக்காதபா, பொண்ணைக் குடுக்கறவங்க கேட்கத்தானே செய்வோம். பொண்ணு பி.எஸ்சி., நல்லா நீந்தும்." அந்தப் பையன் முகத்துல ரத்தமே இல்ல. "அங்கிள், எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்குது அங்கிள்"னான். பலகையைத் தூக்கினான். ஒரே ஓட்டம். கடலுக்குள்ள போய், அலை உடையற எடத்தையும் தாண்டி, பலகை மேல உக்காந்துக்கினான். "தம்பி, நீ நினைக்கற மாதிரி இல்லபா"ன்னு சொல்றதுக்காக நான் தட்டைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டினேன். அவன் இன்னும் கொஞ்சம் உள்ள போயிட்டான். முக்கால் மணி நேரம் மண்ணுல உக்காந்திருந்தோம். மாமா கடலையே பார்த்துக்கினு இருந்தவரு, புடவை பிரிச்சுப் பார்க்கற மாதிரி கண்ணைச் சுருக்கி, "பார்டரு நல்லா விழுந்திருக்குது தாவீது, உடம்புலதான் கொஞ்சம் பிசிறு"ன்னாரு. பசி தாங்காம வாழைப்பழத்தை ஒவ்வொண்ணா உரிச்சுத் தின்னோம். தட்டுல பழம் தீர்ந்ததைப் பார்த்துட்டு, சம்பந்தம் முறிஞ்சிடுச்சுன்னு நினைச்சிக்கினான்போல, அப்புறந்தான் கரைக்கு வந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான். நல்ல பையன்தான். உன் பேரைச் சொன்னதும் உனக்கு நல்லா பேலன்ஸுன்னு சொன்னான். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம். கண்ணைத் துடைச்சிக்கிட்டேன், மணல் விழுந்த மாதிரி. அப்புறம் எனக்கு ரொம்ப நாளா இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். "தம்பி, இந்தக் கரையோரத்துல அலையே இல்லாத, அமைதியான, அடாவடி பண்ணாத கடலு ஏதாவது இருக்குதா? இருந்தா சொல்லுபா, பொண்ணை அங்கயே அனுப்பிச்சிடறேன்." அவன் என்னையே பார்த்தான். "அலை இல்லாத எடத்துல அவங்க இன்னா அங்கிள் பண்ணுவாங்க, துணி தொவைப்பாங்களா?"ன்னான். மாமா கூட சிரிச்சிட்டாரு. எனக்கு அப்பதான் உறைச்சிது. இத்தனை நாளா நான் கடலுக்கு மாப்பிள்ளைக்குக் கேட்கற குணத்தையே கேட்டுக்கினு இருந்திருக்கேன். சாது, சத்தம் போடாது, வீட்டோட அடங்கிக் கிடக்கும். உனக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரு.

மூணாவது, மணப்பாடு. இதைப் பத்தி நான் அதிகம் எழுதப்போறது இல்ல. செங்கல்பட்டுல திருச்செந்தூர் பஸ் ஏறி, உக்காந்து உக்காந்து இடுப்பு கழண்டுபோச்சு. அவ்ளோ தூரம். ஊர்ல எல்லாமே அதிகம். மண் மேட்டு மேல கடலைப் பார்த்தாப்புல ஒரு கோயிலு, அதுல மணிச்சத்தம் அதிகம். மணல் அதிகம். மீன் ரொம்ப புதுசா இருக்குது. நமக்கெல்லாம் அது பழக்கமில்ல. அலையைப் பத்திக் கேட்டா, ஒரே சீரா, ஒண்ணு பின்னால ஒண்ணு, நீளமா, யாரும் சண்டை போடாம வந்துக்கினே இருக்குது. மாமா பார்த்தாரு பார்த்தாரு, ஒரு கொறையும் சொல்லலை. அதுவே எனக்குப் புடிக்கலை.

உனக்கு ரூம் குடுக்கறேன்னு சொன்ன லூர்தம்மாள்ன்றவங்க வீட்டுக்குப் போனோம். வலை பின்னிக்கினு இருந்தாங்க. "வாங்க அண்ணாச்சி, இருங்க. பிள்ள எப்பம் வாறா?"ன்னாங்க. நான், "இன்னும் முடிவு ஆவலைமா"ன்னேன். "பிள்ளைக்குக் கடல் பிடிக்கும்லா? பொறவு என்ன முடிவு?"ன்னு கேட்டுட்டு கருப்பட்டிக் காப்பி குடுத்தாங்க. அதுக்குள்ள வாசல்ல நாலு பொண்ணுங்க வந்து நின்னுதுங்க. பள்ளிக்கூட யூனிபாரம், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய பலகை, மூக்கு உடைஞ்சது, டேப்பு ஒட்டியிருக்குது. அதுல சின்னவ என்னைக் கேட்டா: "வாறது நெசமாவே அக்காவா? இங்க அண்ணன்மாருக்குத்தான் சொல்லிக் குடுப்பாவ. எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்ல." நான் "ஆமாமா, அக்காதான்"னு சொன்னேன். இருக்கற விஷயத்தைத்தானே சொன்னேன். அதுங்க ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கினு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அதைப் பத்தியும் நான் எழுதப்போறது இல்ல.

கிளம்பும்போது மாமா ஒரு காரியம் பண்ணாரு. மணப்பாட்டுக்குன்னு தட்டைப் புதுசா நிரப்பி எடுத்துக்கினு போயிருந்தோம், அதை என்னைக் கேட்காமலே லூர்தம்மா கையில குடுத்துட்டாரு. அவங்க சாமானைக் கொட்டிக்கினு, வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு அது நிறைய நெத்திலிக் கருவாடு வெச்சு என் கையில குடுத்தாங்க. நானும் ரெண்டு கையால வாங்கிட்டேன். பஸ்சுல ஏறினதும் சைவ மனுஷன், மூக்கைப் பொத்திக்கினு, மெதுவா சொல்றாரு: "தாவீது, தட்டு மாத்தியாச்சு. பெரியவங்க முன்னால, பொண்ணைப் பெத்தவன் கையால. இனிமே பேச்சு மாறக்கூடாது." நான் ஒத்துக்கலை. மந்திரம் இல்ல, ஜெபம் இல்ல, சாட்சிக்கு நாலு பொடிசுங்க. கருவாடு வெச்ச தட்டெல்லாம் நிச்சயதார்த்தம் ஆவுமா? மதுரை வர்ற வரைக்கும் இதே வாக்குவாதம். பின்சீட்டுக்காரர் எழுந்து, "கருவாட்டை முதல்ல டிக்கியில போடுங்கய்யா, அப்புறம் நியாயம் பேசலாம்"னு சொன்னதும்தான் அடங்கினோம்.

ஆகவே, அன்பு மகளே, மூன்று ஊர்களையும் நேரில் கண்டு, நன்றாய் ஆராய்ந்து, உன் தகப்பனாகிய நான் தரும் தீர்ப்பு யாதெனில்: மகாபலிபுரமே சிறந்தது. காரணங்கள் வருமாறு. காஞ்சிபுரத்திலிருந்து ரெண்டு மணி நேரம். கை காட்டறவங்களை ஏத்தலைன்னா இன்னும் சீக்கிரம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு உங்கம்மா குழம்பைத் தூக்குல ஊத்திக் குடுத்தா, உன்கிட்ட வந்து சேரும்போது சூடு இருக்கும். உனக்கு ஜொரம்னா நான் அன்னிக்கே வந்துடலாம். ஜொரம் இல்லைன்னாலும் வரலாம். அந்த வசந்த் தம்பிக்கு ஆள் இருக்குதுன்றதும் ஒரு நல்ல விஷயம். அலையும் போதுமான அளவு இருக்குது. உனக்கு வேணும்னா கூட கொஞ்சம் வரும்னு சொன்னாங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பலகையில் ஏறும்போதும், அதைவிட முக்கியமாக அதிலிருந்து விழும்போதும், அவர் கரம் உன்மேல் இருப்பதாக. வேளைக்குச் சாப்பிடு. தலையைத் துவட்டு. கைலாசம் மாமா விபூதி மடித்துக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன்; பையில் போட்டுக்கொள், அவர் மனசுக்காக. உன் அம்மா உனக்கு ஆயிரம் முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினையாத,
தாவீது (அப்பா)

பின்குறிப்பு: ஒட்டறதுக்கு முன்னால உங்கம்மா கடிதத்தை வாங்கிப் படிச்சிட்டாங்க. படிச்சிட்டு ஒரு கேள்விதான் கேட்டாங்க. "கோவளத்தைப் பத்தி எழுதினதுல கடல் இருக்குது. மணப்பாட்டைப் பத்தி எழுதினதுல கடல் இருக்குது. நல்ல ஊருன்னு நீ சொன்ன காரணத்துல ஆட்டோவும் குழம்பும்தானே இருக்குது? நீ ஊரைப் பார்த்துட்டு வந்தியா, தூரத்தைப் பார்த்துட்டு வந்தியா?" நானும் இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தேன், அவங்க சொன்னதுதான் சரி. ஆகையினால மேல சொன்ன தீர்ப்பை அடிச்சிடு. முழுசா அடி. நீ மணப்பாட்டுக்கே எழுதிப் போடு கண்ணு, இருபதாந் தேதி வரைக்கும் காத்திருக்காதே, அந்த நாலு பொண்ணுங்களும் உடைஞ்ச பலகையை வெச்சிக்கினு இருக்குதுங்க. உங்கம்மாவுக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சிக்க. அந்த ஊர்ல இருந்து வந்த மறுநாள்ல இருந்து, காலையில முதல் சவாரிக்கு முன்னால நான் தாமல் ஏரிக்குப் போறேன். முதுகுல காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கினு மிதக்கக் கத்துக்கறேன். ஐம்பத்திரண்டு வயசு ஆளுன்னு எருமை மாடெல்லாம் ஒதுங்கி எனக்கு வழி விடுது. மாமா கரையில உக்காந்து எண்ணுவாரு. இன்னிக்குக் காலையில பதினொண்ணு வரைக்கும் மிதந்தேன், பன்னெண்டுல முழுகிட்டேன். நீ போய் வேலையில சேர்ந்துடு. நூறு வந்ததும் நான் பஸ் ஏறிடறேன்.