காவலில் இருந்த மூன்று வருஷம்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையால்தான் ஒரு குற்றமும் செய்யாமல், ஒரு நீதவானின் முகத்தையும் பாராமல், மூன்று வருஷம் மறியலில் இருந்தவன் என்று பெயரெடுத்தேன். (எங்கள் பக்கத்தில் மறியல் என்றால் சிறைச்சாலை. வேறு ஊர்க்காரர் வேறு விதமாக விளங்கிக்கொண்டு என்னைப் பெரிய தலைவனாக்கிவிட வேண்டாம்.)

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மிச்சத்தை நானே படித்தேன். கடலை சுற்றிக் கொடுத்த கடதாசி முதல் கலியாணக் கடிதம் வரை கைக்கு வந்த எதையும் வாசிக்காமல் விட்டதில்லை. நல்ல சொல் ஒன்று ஆரும் சொன்னால் அதைப் பிடித்து மனதில் கட்டி வைப்பேன். ஒருவர் தண்ணி கேட்டால் "நீரா?" என்று கேட்டுத்தான் செம்பை எடுப்பேன். இப்படிப்பட்டவனை இரண்டு போட்டுத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தக்கூடிய ஒரே ஆள் என் மாமனார். அவருக்கோ புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க ஆள் தேவை. கால் இரண்டும் சுகமாக இருக்கும் மருமகனை அவர் ஏன் பழுதாக்குவார்?

அந்தத் துலாவுக்குப் பயந்துதான் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன் என்று சொல்வார்கள். பொய். பாதிதான் உண்மை.

திருக்கோணமலை முகாமில் மூன்று வருஷம் லொறி ஓட்டினேன். லொறி ஓட்டாத நாட்களில் வாசலில் துவக்கோடு காவல் நின்றேன். உலகப் போர் முடிந்தது. ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். என் முறை ஆவணிக்கு முன்பு வரும் என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் "வெளியிலை போய்ப் பாப்பம்" என்று சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளே இருக்கும்போதே வெளியே ஒரு வேலையைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கப்டனிடம் போய், இவன் இன்ன வேலை செய்தான், இன்ன காலத்தில் வருவான் என்று இங்கிலீசில் ஒரு காகிதமும் வாங்கிக்கொண்டு, பத்து நாள் லீவில் எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்கு வந்து இறங்கினேன்.

குறி வைத்த வேலையும் தயாராக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டைமானாற்றுக்கு இரண்டு பஸ் ஓட்டிய ஒரு முதலாளி, அங்குள்ள சந்நிதி முருகன் கோயில் ஆவணித் திருவிழாவுக்கு மூன்றாவது பஸ் ஒன்று விடப்போகிறார், சாரதி தேடுகிறார் என்று கேள்வி. கிடைத்தால் பஸ். கிடைக்காவிட்டால் துலா.

"உம்மடை பாரத்துக்கு ஏத்த மாதிரிப் புதுத் துலா போட்டிருக்கிறன், மருமோன்," என்றார் மாமனார், வந்த அன்றே.

முதலாளிக்கு இங்கிலீசு தெரியாது என்று அறிந்தேன். எனவே காகிதத்தை நானே தமிழாக்கினேன். இரண்டு பகல் எடுத்தது. இங்கிலீசில் 'பட்டாளம்' என்று வந்த இடங்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது தேத்தண்ணிக் கடையில் கதைக்கிற சொல். எடுத்துவிட்டேன். 'லொறி' அந்நியச் சொல். அதையும் எடுத்துவிட்டேன். கடைசியில் காகிதம் இப்படி வந்தது:

"இலக்கம் இடப்பட்ட இவர், மாட்சிமை தங்கிய மன்னரின் ஆணைப்படி திருக்கோணமலையில் மூன்று வருஷம் காவலில் இருந்தார். இட்ட பணிகளை முறுமுறுப்பின்றிச் செய்தார். தப்பியோட ஒருபோதும் முயலவில்லை. நன்னடத்தையை முன்னிட்டு ஆவணிக்கு முன் விடுதலை செய்யப்படுவார். அதன்பின் இவரை வேலைக்கு அமர்த்தத் தடையில்லை."

வாசித்துப் பார்த்தேன். கண் கலங்கியது. இவ்வளவு நல்லவனா நான்!

"ஒருக்கால் எனக்கும் வாசிச்சுக் காட்டுங்கோவன்," என்றாள் என் மனைவி மகேஸ்வரி.

"உனக்கு விளங்காது மகேசு. உயர்ந்த நடை."

"அப்ப பட்டாள உடுப்பையாவது போட்டுக்கொண்டு போங்கோ."

"உடுப்புக் காட்டி வேலை கேக்கிற ஆளே நான்?" என்று வேட்டி சால்வையோடு புறப்பட்டேன். இங்கிலீசுக் காகிதம் வேர்வையில் ஊறிவிடும் என்று பெட்டியிலேயே விட்டேன். லீவுக்கு முதல்நாள் முகாம் அம்பட்டன் தலையை ஒட்ட வழித்துவிட்டிருந்தான். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

முதலாளி பஸ் கொட்டகையில் சாய்மனைக் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராசையா என்ற கொண்டக்டர் வாளித் தண்ணீரால் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். முதலாளி என் காகிதத்தை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். பிறகு திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"இரும் தம்பி."

நான் இருக்கவில்லை. பெரியவர் முன்னால் கைகளைப் பின்னால் கட்டி, காலை அகட்டி, நேரே பார்த்து நிற்பதுதான் பழக்கம்.

"நிண்டே பழகிப்போச்சுதாக்கும்," என்றார் இரக்கத்தோடு. "மூண்டு வருசமோ?"

"மூண்டு வருசமும் ரண்டு மாசமும், ஐயா. அந்த ரண்டு மாசத்தைக் காகிதத்திலை விட்டிட்டன்."

"எப்பிடிப் போய் அகப்பட்டனீர்? ஆரும் மாட்டிவிட்டவையோ?"

"இல்லை ஐயா! நானாத்தான் விரும்பிப் போனன். கந்தோரிலை போய்க் கையெழுத்து வைச்சன், கூட்டிக்கொண்டு போனாங்கள்."

வெற்றிலை மெல்லுவது நின்றது. "தானாப் போய் ஒப்புக்கொண்டனீர்?"

"ஓம் ஐயா."

"அதுவும் ஒரு நல்ல குணந்தான். அடிக்கிறவங்களோ?"

"சீ, அடிக்கிறேல்லை. சொல்லுக் கேக்காட்டில் வெய்யிலுக்கை ஓட விடுவாங்கள்."

"அப்ப இப்ப எப்பிடி வெளியிலை?"

"லீவு ஐயா. திங்கட்கிழமை திரும்பிப் போகவேணும். போகாட்டில் தேடிப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"லீவும் விடுறாங்களே!" என்று ராசையாவைப் பார்த்தார். "காலம் மாறிப்போச்சுதடா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாரதி வேலைக்கு றைவிங் எங்கை பழகினனீர்?"

"உள்ளுக்கைதான், ஐயா."

"தம்பி கோவிக்கப்படாது. ஒண்டு கேக்கிறன். உம்மாலை ஆருக்கும்... உயிர்ச்சேதம்?"

"இல்லை ஐயா," என்றேன். முன்வரிசைக்கு அனுப்பாத மனக்குறை எனக்கு இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? "அதுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கேல்லை."

ராசையாவின் கையிலிருந்த வாளி விழுந்தது.

முதலாளி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நாளையிண்டைக்கு வாரும் தம்பி. யோசிச்சுச் சொல்லுறன்." என் காகிதத்தைத் திருப்பித் தராமல் மடித்து மடியில் செருகிக்கொண்டார். என் தமிழின் அழகுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

வேலை கிடைத்த மாதிரித்தான். சந்தையில் தொதல் என்ற இனிப்பு வாங்கினேன். கண்ட சினேகிதரையெல்லாம் நின்று விசாரித்தேன். ஆற அமர வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னால் கதை வந்து சேர்ந்திருந்தது. ராசையா பண்டத்தரிப்பு பஸ் கொண்டக்டரிடம் சொல்ல, அவன் ரிக்கற்றோடு சேர்த்து அதையும் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

மாமனார் படலையடியில் நின்றார். "உள்ளுக்கு வாரும் மருமோன். ஆரும் பாக்கமுதல்."

"என்ன மாமா?"

"ரண்டு தரம் லீவிலை உடுப்போடை வந்தீர், நம்பினன். அங்கை என்ன செய்து மாட்டுப்பட்டீர்? எனக்கு முந்தியே ஒரு ஐமிச்சம். உம்மடை கடிதமெல்லாம் உடைச்சு, இடையிடை கத்தரிக்கோலாலை வெட்டித்தானே வந்தது? ஒழுங்கான மனுசன்ரை கடிதத்தை ஆர் வெட்டுறது?"

(போர்க்காலத்தில் எல்லாப் பட்டாளத்தான் கடிதத்தையும் அப்படித்தான் வெட்டினார்கள். அதை எழுதியும் இருந்தேன். அந்த வரியையும் வெட்டிவிட்டார்கள்.)

"பரவாயில்லை," என்று மாமனார் முதுகில் தட்டினார். "துலாவிலை ஏறுறதுக்கு ஒருத்தரும் காகிதம் கேக்க மாட்டினம்."

மகேஸ்வரி என் கொப்பியில் இருந்த கைப்பிரதியை எடுத்து வாசித்தாள். இரண்டாவது வரியில் அடுப்படிப் படியில் குந்திவிட்டாள். 'தப்பியோட' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"இஞ்சாருங்கோ, இதிலை பட்டாளம் எண்ட சொல்லு எங்கை?"

"அது... தாழ்ந்த சொல்லு."

"லொறி?"

"அதுவும் போடேல்லை."

"உங்கடை உயர்ந்த நடையிலை மிஞ்சினது மறியல்தான்," என்று சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் தன் கையால் எழுதினாள்: "இவர் பட்டாளத்தில் லொறி ஓட்டினவர். ஆவணிக்கு முதல் வந்துவிடுவார்." இரண்டு பகல் நான் பட்ட பாட்டை அவள் சோறு வடிக்கிற நேரத்துக்குள் முடித்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முழு உடுப்போடு போனேன். சப்பாத்து முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியது. இங்கிலீசுக் காகிதம் ஒரு கையில், மகேஸ்வரியின் துண்டு மற்றக் கையில். மாமனாரும் கூடவே வந்தார். சாட்சிக்கு என்றார். கொட்டகைக்குள் அணிநடை போட்டு, குதிக்கால் அதிர நின்று, சலூட் அடித்தேன்.

முதலாளி துண்டை வாசித்தார். அவர் முகம் வாடியது.

"அப்ப நீர் மறியலிலை இருக்கேல்லையோ?"

"இல்லவே இல்லை ஐயா!"

"பட்டாள லொறி றைவரோ?"

"ஓம் ஐயா!"

"ஐயோ முருகா," என்று கதிரையில் சாய்ந்தார். "மூண்டு வருசமா உங்கடை லொறியளுக்கு வழி விட்டு வழி விட்டு என்ரை பஸ் ஒரு பக்கம் தேய்ஞ்சுபோச்சு. ரண்டு தரம் வயலுக்கை இறக்கினாங்கள். பட்டாள றைவர் எண்டால் வாசலிலையே வைச்சு அனுப்பிறதெண்டு இருந்தனான். மறியலாலை வாறவன் எண்டால் பயந்து பணிஞ்சு ஓட்டுவான், ஒரு சீவனுக்கு வழி காட்டின புண்ணியமும் வரும் எண்டு, நேற்றுத்தான் உம்மை எடுக்கிறதெண்டு முடிவெடுத்தன். இப்ப வந்து நல்லவன் எண்டு நிரூபிக்கிறீர்!"

நான் இங்கிலீசுக் காகிதத்தையும் நீட்டப் போனேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"ஐயா சொல்லுறது சரி. உவருக்கு வேகம் கொஞ்சம் கூட," என்றார். (சாட்சி!)

"ஐயா," என்றேன், "மெள்ள ஓட்டுவன்." என் ஆயுளில் நான் பேசிய மிகச் சின்ன வசனம் அதுதான். உயர்ந்த நடை ஒரு துளியும் இல்லை.

முதலாளி கதிரையை விட்டு எழுந்தார். "ஓட்டிக் காட்டும்."

தொண்டைமானாற்றுக்குப் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றினார். தானும் ஏறினார், மாமனாரும் ஏறினார். நான் ஓட்டினேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பஸ்ஸைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். புகையிலைக் கட்டோடு ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்தினான். வைக்கோல் வண்டி ஒன்று பின்னால் வந்து, வழி கேட்டு, முந்திப் போனது. வல்லைவெளியில் நடந்து போன ஒரு மனுசிக்கு "ஏறணை" என்று ராசையா குரல் கொடுக்க, "எனக்கு அவசரம் தம்பி" என்று அவள் நடையை எட்டிப் போட்டாள். பஸ்ஸுக்குள் ஒருவர், "கொண்டக்டர் தம்பி, ஏதும் செத்தவீடு முன்னாலை போகுதோ?" என்று கேட்டார்.

சந்நிதி வந்தது. முதலாளி இறங்கினார். கோயிலுக்குள் போனார். நான் சுக்கானைப் பிடித்தபடி இருந்தேன். மாமனார் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், துலாவை நினைத்து.

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"தம்பி, நேற்று முடிவெடுத்த கையோடை சந்நிதியானுக்கு நேர்த்தி வைச்சிட்டன், மறியலாலை வாற இந்தப் பெடியனுக்கு என்ரை பஸ்ஸைக் குடுக்கிறன், நீ பாத்துக்கொள் எண்டு. இப்ப போய் அது பிழை ஆள் எண்டு முருகனுக்குச் சொல்ல ஏலாது. அதாலை நீர் மறியலானாவே வந்து சேரும்."

திங்கட்கிழமை முகாமுக்குத் திரும்பிப் போய், ஆவணிக்கு முன் வெளியே வந்து, அந்தத் திருவிழாவுக்கே மூன்றாவது பஸ்ஸை ஓட்டினேன். மாமனாரின் புதுத் துலாவை அவரே மிதித்தார். என் பாரத்துக்குச் செய்தபடியால் அவருக்கு அது பணியவே இல்லை. எனக்கு மறியலான் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. "மறியலான்ரை பஸ் போயிட்டுதோ?" என்றுதான் வழியெல்லாம் கேட்பார்கள். என் பிள்ளைகளும் மறியலான்ரை பிள்ளைகளாகவே பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டில் எந்தப் பிள்ளையாவது விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் மகேஸ்வரி, "பட்டாளத்தைப் போடு, பிள்ளை" என்பாள். உடனே உண்மை வந்துவிடும்.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. பிறகு அரசாங்கம் பஸ்களை எல்லாம் தானே எடுத்துக்கொண்டது. பழைய சாரதிகள் தொடர்ந்து ஓட்டுவதென்றால் முதலாளி கையால் ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். போய்க் கேட்டேன். முதலாளிக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. அவர் மேசை லாச்சியைத் திறந்து, மஞ்சள் பூத்த ஒரு கடதாசியை எடுத்தார். என் கையெழுத்து!

"டேய் ராசையா, உதைப் பாத்து எழுது. இதைவிட நல்லா ஒருத்தராலும் எழுத ஏலாது."

ராசையா ஒரு சிரிப்பும் இல்லாமல் எழுதினான். முதலாளி கையெழுத்து வைத்தார். கடைசி முறையாக என் தோளில் கை வைத்தார். நான் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகேஸ்வரி வாசித்தாள்:

"இவர் பன்னிரண்டு வருஷம் என் காவலில் இருந்தார். இட்ட பணிகளை முறுமுறுப்பின்றிச் செய்தார். தப்பியோட ஒருபோதும் முயலவில்லை. நன்னடத்தையை முன்னிட்டு இன்று விடுதலை செய்யப்படுகிறார்."

"இஞ்சாருங்கோ," என்றாள், "இதிலை பஸ் எண்ட சொல்லு எங்கை?"

தேடினேன். இல்லை.

அவள் பேனையை எடுத்து அடியில் எழுதினாள்: "இவர் பஸ் ஓட்டினவர்."

வேலை கிடைத்தது.