மாப்பிள்ளை சொன்னால் எலிதான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், பூனை நலம், உங்கள் அத்தை மட்டும் இருமிக்கொண்டிருக்கிறாள். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர்களுக்கு என்ன குறை.

பூனை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தங்கள் உபயம்தான். மாடியில் உங்கள் அத்தையின் தையல் அறையில், கறுப்பாக அரிசி அரிசியாக ஏதோ கிடக்கிறதென்று அவள் என் செல்போனில் வீடியோ அழைப்பில் காட்டியபோது, லிஃப்ட் மாட்டும் பொறியாளரான தாங்கள், சாப்பிட்டுக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்து, "எலிப் புழுக்கை அத்தை, இதுகூடத் தெரியாதா?" என்று அருளினீர்கள். இந்த வீட்டில் நான் சொன்னால் முணுமுணுப்பு, மாப்பிள்ளை சொன்னால் தீர்ப்பு. உடனே எலிப்பொறி வந்தது, அதில் என் கால் கட்டைவிரல் மாட்டியது, பிறகு பூனை வந்தது, அது அந்த அறைக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் நாற்காலியில் படுத்துக்கொண்டது. அந்தப் பூனைக்கு இருந்த அறிவு நம்மில் யாருக்காவது இருந்திருக்கலாம்.

நானும் ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தேன். எலிப் புழுக்கை என்றால் கெட்டியாக இருக்கும். இது பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுமினுத்தன. அதுவும் கூரை இடுக்குக்கு நேர் கீழே குவியலாக. எலி என்ன, ஒரே இடத்தில் வந்து கடமையை முடித்துவிட்டுப் போகும் ஒழுக்கசீலரா? அன்று சாயங்காலமே அந்த இடுக்கிலிருந்து ஒரு வௌவால் கிளம்பி உங்கள் அத்தையின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் குனிந்து எழுந்து, "வௌவால் அதுபாட்டுக்கு இருக்கட்டுங்க. கீழ கிடக்கிறது எலியோடதுதான். மாப்பிள்ளை சொல்லிட்டாரே" என்றாள்.

இருமல் நிற்காததால் டாக்டரிடம் கூட்டிப்போய், வௌவால் விஷயத்தையும் சொன்னேன். மார்பைப் படம் எடுத்துப் பார்த்தார். "இப்போதைக்கு பயமில்ல. ஆனா காய்ஞ்ச வௌவால் எச்சத்துல பூஞ்சை வளரும். பெருக்கும்போது தூசியோட உள்ள போச்சுன்னா நுரையீரலைப் பிடிச்சிடும். துடைப்பமே வேண்டாம். முகமூடி, கையுறை போட்டு, தண்ணி தெளிச்சு ஊறவெச்சு அள்ளுங்க" என்றார். உங்கள் அத்தை பணிவாகத் தலையாட்டினாள். தெருவுக்கு வந்ததும், "அவர் வௌவாலுக்குத்தானே சொன்னாரு, நம்ம வீட்ல எலி" என்றாள். மறுநாளும் அதே துடைப்பம், அதே தூசி, அதே இருமல். துடைப்பத்தை ஒளித்துவைத்தேன். புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை, கிண்டல் போதும். ராத்திரி அவள் இருமும்போதெல்லாம் நானும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. உங்கள் வாயால் ஒரே ஒரு தடவை, "அத்தை, அது வௌவால்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கௌரவத்துக்கு ஒரு குறையும் வராது. என் போன் கண்ணாடியில் அழுக்கு என்று பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும் சுத்தமான நுரையீரலோடும் வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் தங்கள் அழைப்பு வந்தது. உங்கள் அத்தை புதுக் குவியலைக் காட்ட, தாங்கள் ஆராய்ந்து, "இது எலி மாதிரி தெரியலையே அத்தை, பாம்போடதா இருக்கும்" என்றீர்கள். அடுத்த நிமிடம் அவள் தையல் மெஷினைக்கூட எடுக்காமல் அறையைப் பூட்டி, சாவியை என் மடியில் போட்டு, "இனி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். நீங்களே போய்ச் சுத்தம் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். முகமூடியும் கையுறையும் வாங்கி வந்துவிட்டேன். ஆகவே மேலே கேட்டுக்கொண்டதை அடியோடு மறந்துவிடுங்கள். தயவுசெய்து வௌவால் பேச்சையே எடுக்காதீர்கள். மாப்பிள்ளை சொன்னால் பாம்புதான்.