ஊத்தாவுக்குள் போன ப்ராஜெக்ட்

கூட்டம் கூடினால் அது என்னைப் பார்க்கத்தான் என்று நம்பும் வியாதி, இருபத்தொரு வயதில் எனக்கு நன்றாக முற்றியிருந்தது. அதற்கு வைத்தியம் பார்த்தது ஒத்தக்கடைக்கு அப்பால் உள்ள ஒரு கண்மாய்.

பொறியியல் கடைசி வருடம். நானும் நண்பன் முத்துவும் ஆறு மாதம் தூக்கம் கெட்டு ஒரு நீர்மூழ்கி இயந்திரம் செய்திருந்தோம். தண்ணீருக்குள் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் டப்பாவைப் போட்டுவிட்டால், மைக்குகளால் திசையைக் கேட்டறிந்து, யாரும் ஓட்டாமல் தானே நீந்திப் போய்க் கண்டுபிடிக்கும். (கல்லூரித் தொட்டியில் கண்டுபிடித்தது. தொட்டி எங்கள் வீட்டுக் குளியலறையைவிடச் சற்றுப் பெரிது.) மறுநாள் வைவா தேர்வு. இயந்திரம் இல்லையென்றால் பட்டம் இல்லை.

கடைசி ஒத்திகைக்கு விடியும் நேரத்தில் கண்மாய்க்குப் போனோம். டப்பாவைப் போட்டு, இயந்திரத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கரை முழுக்க ஜனம்.

"மாப்ள, நம்ம மெஷினப் பாக்க இம்புட்டுப் பேரா?" என்றேன். கையை வேறு அசைத்தேன். (முத்து அதை இன்னும் நடித்துக் காட்டுகிறான்.)

அவன் முகம் வெளுத்திருந்தது. "கையில ஊத்தா வச்சிருக்காய்ங்கடா. இன்னைக்கு மீன்பிடித் திருவிழா."

ஊத்தா என்பது அடியில்லாத கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டுப் பிடிப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

அவசரத்துக்கு நிறுத்த வைத்திருந்த ரிமோட் தண்ணீருக்குள் எட்டாது என்று தெரிந்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாவம், இயந்திரத்துக்கு டப்பாவின் சத்தம் எங்கே கேட்கும்? எந்தப் பக்கம் கால்கள் சளசளத்தனவோ அந்தப் பக்கமெல்லாம் ஓடியது. அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புக் கொடி மட்டும் ஊத்தாக்களுக்கு நடுவே அலைந்தது. திடீரென்று கொடியைக் காணோம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், ஊத்தாவுக்குள் தோள்வரை கைவிட்டு எங்கள் பட்டத்தை வெளியே எடுத்தார். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன்.

"அது எங்களோடதுங்க."

"என் ஊத்தாவுல விழுந்தா என்னோடது."

"எம்புட்டு வேணாலும் தாரேங்க."

"கண்மாயில பிடிச்சத விக்கக் கூடாதுய்யா, மழை பெய்யாது. சொந்தபந்தத்துக்குத்தேன் குடுப்போம். நீ எனக்கு என்ன முறை?"

ஆறு மாத உழைப்பு அவர் கக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

"குடுங்க அயித்தை," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொல்லிட்டேல்ல? இனி மாத்தக் கூடாது." இயந்திரத்தோடு இரண்டு விரால் மீனும் கொடுத்தார்.

வைவா தேறிவிட்டது. அயித்தையும் வாக்கு மாறவில்லை. என் கல்யாணத்துக்கு ஒரு வேன் ஆட்களோடு சீர்த்தட்டு ஏந்தி வந்து, அத்தை முறைக்கு முன்னால் நின்றார். சாம்பாரில் உப்பில்லை என்றார். அம்மாவின் பட்டுச்சேலை நிறம் எடுப்பாக இல்லை என்றார்.

என் அப்பாவுக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால் இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் காட்டித்தான் ஆரம்பிப்பார்: "இருபத்திரண்டு வருசம் நாத்தனா இல்லாம நிம்மதியா இருந்தேன். தண்ணிக்குள்ள தேடிப்போயி ஒருத்தியக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்துட்டான்."