வாசலில் இறங்கிய ஒரு டன் விறகு

விலை ஏறும் என்று சொல்பவன் என்றைக்கும் தோற்பதில்லை. ஏறாவிட்டால் "இன்னும் ஏறவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். பள்ளியில் முப்பது வருடம் பொருளியல் நடத்திய எனக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும். அந்தத் தெம்பில்தான் என் சொந்த அண்ணனை அரை நாள் சாகடித்தேன். எங்கள் வீட்டில் இப்போது சிரித்துக்கொண்டு சொல்லும் கதைதான். ஆனாலும் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வளைகுடாப் பக்கம் சண்டை என்று செய்தி வந்துகொண்டிருந்த சமயம். நெஞ்சுவலிக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அண்ணன் அரியலூர் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. "மனசு அதிராம பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே வீடு. தெருப்பக்க ஜன்னலோரம் அவருடைய கட்டில். அவருக்கு இரண்டு மணிக்கொரு தரம் சுடுகஞ்சியும் வெந்நீரும் வேண்டும். இருந்த சிலிண்டரோ தூக்கினால் லேசாக இருந்தது. பதிவு செய்தது வந்தபாடில்லை.

காலண்டர் தாளின் பின்புறம் கோடு போட்டு அண்ணிக்கு விளக்கினேன். கப்பல் வராது, கேஸ் குறையும். ஊரே கரண்ட் அடுப்புக்கு மாறும். அதைத் தாங்காமல் கரண்ட் நிற்கும். அப்புறம் எல்லாமே விலை ஏறும்.

"இன்னும் ஒரே வாரம் அண்ணி."

"கஞ்சி வைக்கறதுக்கு இம்மாம் படம் வேணுமா தம்பி?" என்றார் அண்ணி.

மறுநாள் அவர் கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, மருந்து வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். நான் ரயிலடிப் பக்கம் இருந்த விறகுக்கடைக்குப் போய் ஒரு டன் வேண்டும் என்றேன். கடைக்காரர் எழுந்து நின்றார். எதற்கு என்று கேட்கவில்லை. விலையைக் குறைக்கச் சொன்னபோது, "இதுக்குப் பேரம் பேசக் கூடாதுங்க சார்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, விலாசத்தை வாங்கிக்கொண்டார். (தட்டுப்பாடு வந்தால் வியாபாரியின் குரல்கூட மாறிவிடுகிறது என்று வியந்தேன்.)

பத்து மணிக்கு விறகு வந்து ஜன்னலடியில் இறங்கியது. அண்ணன் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. என் முன்கணிப்பில் பாதி பலித்துவிட்டது. மின்விசிறி நின்றதும் தெருவே நின்றுவிட்டதுபோல் இருந்தது. அந்நேரத்துக்கு எங்கள் தெருவில் குக்கர்கள் ஒன்றுக்கொன்று விசில் கொடுத்துக்கொண்டிருக்கும். அன்று ஒன்றுகூட இல்லை. தாளிக்கும் வாசனை இல்லை. சிமெண்டுத் தூசி படிந்து வெளுத்த வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நான் சொன்ன ஒரு வாரம் ஒரே நாளில் வந்துவிட்டதா? பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எதிர்ச்சாரி நிழலில் நாலைந்து பேர் தோளில் துண்டோடு நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பேர் ஆனார்கள். யாரும் பேசவில்லை. விறகைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் வந்து என் இரு கைகளையும் பிடித்து அழுத்திவிட்டு, வாய் திறக்காமல் திரும்பிப் போனார். விறகில் பங்கு கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"கலங்காதீங்க. எல்லார் வூட்டுக்கும் வரப்போறதுதான். நாமதான் முன்கூட்டியே தயாரா இருந்துக்கணும்" என்று ஆறுதல் சொன்னேன். அவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

ஒரு மணிக்கு வேன் ஒன்று வந்தது. கண்ணாடி மூடி போட்ட நீளமான பெட்டியை இரண்டு பேர் இறக்கினார்கள்.

"பிளக் எங்க சார் இருக்கு? ஓ, கரண்ட் இல்லியா. ஜெனரேட்டர் சொல்லிடட்டுங்களா?"

பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஐஸ் பெட்டி. விறகுக்கடைக்காரர் உதவியாகச் சொல்லி அனுப்பினாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கே சிலிண்டரில் சமைக்கும் ஊரில், வாசலில் ஒரு டன் விறகு இறங்கினால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இழவு விழுந்த தெருவில் எடுக்கும்வரை யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். கேஸ் எங்கேயும் தீரவில்லை. நோயாளி அண்ணன் போய்விட்டார் என்று தெருவே பட்டினி கிடந்தது. தேவை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறங்கும் அந்தக் கோடு என் காலண்டர் தாளில் இல்லை.

ஜன்னலைப் பார்த்தேன். அண்ணன் விழித்திருந்தார். விறகையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

உள்ளே ஓடினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மார்பின்மேல் வைத்திருந்தார்.

"டாக்டர் உங்கிட்ட என்னடா சொன்னாரு? எங்கிட்ட மறைச்சத நீயாவது சொல்லு" என்று கேட்டுக் கடிகாரத்தை நீட்டினார். "இத நீ கட்டிக்க."

என்னிடம் இருந்தது காலண்டர் தாள் மட்டும்தான். அதைக் காட்டி, "கேஸுக்குண்ணே" என்றேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் வாசலில் நின்று ஊருக்கு எரிபொருள் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் இங்கே தனியாகப் படுத்துத் தன் சாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை மட்டும் என்னால் நகைச்சுவையாகச் சொல்ல முடியவில்லை.

வெளியே ஒப்பாரி கேட்டது. யாரோ போன் செய்து, பாடாலூரில் இருக்கும் எங்கள் தங்கச்சி வந்து இறங்கியிருந்தாள். தலைவிரி கோலமாக, "என்னை வுட்டுட்டுப் போயிட்டியே அண்ணே..."

அண்ணன் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "எங்கயும் போவலம்மா. கட்டையில இடிச்சுக்காம உள்ள வா."

ஒப்பாரி பாதியில் நின்றது. எதிர்ச்சாரியில் ஒருவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி விறகைப் பார்த்தாள், அண்ணன் கையிலிருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுத குரல் மாறாமலே, "படிச்ச வாயில மண்ணு வுழ" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அண்ணன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். சற்று நேரத்தில் எதிர்வீட்டில் ஒரு குக்கர் விசில் அடித்தது.

மறுநாள் சிலிண்டர் வந்தது. (விலை, அதே விலை.) விறகைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் ஒப்பவில்லை. "சாவுக்குன்னு எறக்குனது திரும்பக் கூடாதுங்க." அதில் கஞ்சி வைக்க அண்ணியும் ஒப்பவில்லை. கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அண்ணன் என்னைவிட வேகமாக நடக்கிறார். கடிகாரத்தை மட்டும் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

டிவியில் எரிபொருள் என்று ஆரம்பித்தாலே வீட்டில் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். சாயங்காலம் நாங்கள் இருவரும் கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரும்போது, அண்ணன் தார்ப்பாயைப் பார்த்தபடி கேட்பார்: "சரக்கு ஒருத்தருக்குத்தாண்டா இருக்கு. மொதல்ல யாருன்னு ஒரு படம் போட்டுச் சொல்லேன்."

நான் இப்போது முன்கணிப்புச் சொல்வதில்லை. அவர் கொடுத்த கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.