மூக்கு தெரியும் பிரஷ்

பிடிதுடைப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழையில் குடையை விரிக்கமாட்டார்கள். அதன் வளைந்த பிடிக்கு எண்ணெய் போடுவார்கள். பேனாவில் மை இருக்காது. மூடி மட்டும் மின்னும். இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமா? திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த ஜினபாலன் சவரம் முடித்த பிறகு போய் நின்றிருக்க வேண்டும். முன்னால் போய்ப் பயனில்லை. சவரம் எல்லோரும் செய்வதுதான்.

முகத்தைத் துடைக்குமுன் பிரஷைத் துடைப்பார். வருஷக்கணக்காக இந்த வரிசை மாறியதில்லை. விழுப்புரத்தில் வாங்கிய பிரஷ். தந்த நிறத்தில் பிளாஸ்டிக் பிடி, கழுத்தில் பித்தளை வளையம். வளையத்து இடுக்கில் காய்ந்த சோப்பைத் தீக்குச்சியால் சுரண்டி, வளையத்தைப் புளி போட்டு விளக்கி, பிடியின் கீறல்களில் பல்பொடியைக் குழைத்துத் தடவி, பழைய பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அதையும் ஒற்றியெடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, அதில் தன் மூக்கு தெரிந்தால்தான் மண்டிக்குக் கிளம்புவார். தெரியாவிட்டால்? மண்டி காத்திருக்கும். மல்லாட்டை எங்கே ஓடிவிடப் போகிறது?

சமண வீடு. சின்ன உயிர்கூடச் சாகக்கூடாதென்று சவரத் தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் எடுப்பார். அதிலெல்லாம் மனிதர் சுத்தம்.

மகள் ஞானமதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். முன்பு வந்த இரண்டு இடமும் கைநழுவிவிட்டது. மூன்றாவது, வல்லத்துக் குணபத்திரனின் மகன். விழுப்புரத்தில் வாத்தியார். பையனை ஞானமதிக்கே பிடித்துவிட்டது என்பதால் இதுவும் நழுவிவிடக் கூடாதென்று வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஆசாரத்தில் குணபத்திரன் பொல்லாதவர் என்று பேச்சு.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்தது. குணபத்திரன் கைகழுவப் புழக்கடைக்குப் போனார். ஜன்னல் விளிம்பில் பிரஷ் ஜொலித்தது. எடுத்துப் பார்த்தார். ஜினபாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. தீக்குச்சியில் தொடங்கி எண்ணெய்ச் சொட்டுவரை சொல்லி முடித்தார். குணபத்திரன் பிரஷைத் தலைகீழாகத் திருப்பினார்.

“பிடி சரிங்க நயினாரே. இந்த முடி எந்தப் பிராணியோடது?”

ஜினபாலன் அந்தப் பக்கத்தை அன்றுதான் பார்த்தார். ஆடா? குதிரையா? வேறு ஏதாவதா? அந்த வேறு ஏதாவதை நினைக்கவே அவருக்குக் கூசியது. உள்ளே ஞானமதியின் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

“கடைக்காரன விசாரிச்சிச் சொல்றேங்க” என்றார் ஜினபாலன்.

துண்டு கொண்டுவந்த அவர் மனைவி சந்திரவதி, குணபத்திரனின் வழவழத்த தாடையைப் பார்த்தாள். “அண்ணே, வீட்ல நீங்க எத வெச்சி நுரை போட்டுக்கினு இருக்கீங்க?”

குணபத்திரனின் கை தாடைக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு அவர் பிரஷை மெல்ல மறுபடி நிமிர்த்தி, பிடியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“என்னுது மஞ்சளடிச்சிக்கினு கெடக்குதுங்க. பல்பொடி வெள்ளையா, ரோஸா?”

“வெள்ளைதாங்க. ரோஸு சாயம் ஏறிடும்.”

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வைத்த சீரில் ஒரு சவர செட்டும் இருந்தது. பிரஷின் பிடியில் பந்தலே தெரிந்தது.

விழுப்புரம் போகும்போதெல்லாம் ஜினபாலன் அந்தக் கடை வந்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அதன் கண்ணாடியைத் துடைக்க ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியிருக்கமாட்டீர்கள். அதில் எழுதியிருக்கும் பாடத்திலிருந்து யாராவது ஒரு கேள்வி கேட்டால்? பயப்படாதீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஜினபாலனும் அப்படித்தான் சொன்னார். பேரன் பிறந்து, அவனுக்கும் மீசை அரும்பப் போகிறது. சம்பந்திக்கு அந்தப் பதில் இன்னும் பாக்கி.